பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் போக்கர் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிகழ்தகவு சொல்லித்தரப் போக்கரைப் பயன்படுத்துகிறேன் என்று சொன்னதும் பெற்றோர் ஒரு விதமாகப் பார்ப்பார்கள், பிள்ளைகள் வேறு விதமாகப் பார்ப்பார்கள். இரண்டு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டவை பேச்சு வழக்கிலேயே இருக்கின்றன.

எல்லாமே டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆட்டத்தை வைத்துத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று சேர்ந்து வரும், அது ஃப்ளாப். அடுத்த ஒன்று டர்ன். கடைசி ஒன்று ரிவர். மொத்தம் ஏழில் சிறந்த ஐந்தை வைத்து யார் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். நடுவில் குவியும் சிப் எல்லாம் சேர்ந்து பாட்.

பிள்ளைகளுக்குப் போய்ச் சூதாட்டம் சொல்லித் தருவதா?

பணம் வைத்து ஆடினால் நீங்கள் சொல்வது சரி. அதனால் பணம் கிடையாது. பணத்துக்குப் பதிலாக மிட்டாய், வீட்டுவேலை, "தோற்றவன் வாங்கித் தரணும்" என்ற பந்தயம் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் சிப். முடிந்ததும் எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டி மூடிவிடுவோம். அடுத்த முறைக்கு யாருடைய சிப்பும் மிச்சம் இருக்காது.

ஏன் சீட்டாட்டம் என்றால், இந்தக் கணக்கே அங்கே பிறந்ததுதான். பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பந்தயத் தொகையை எப்படி நியாயமாகப் பிரிப்பது என்று 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணக்கு ஒரு துறையாகக் கிளைத்தது. இன்னொரு காரணம் உண்டு. நாம் சொல்லித் தராவிட்டாலும் பிள்ளைகள் போக்கர் வீடியோ பார்க்கத்தான் செய்கிறார்கள். அதில் ஜெயித்த கைகள் மட்டும்தான் வரும்.

பணம் கட்டி ஆடும் தளங்களைப் பற்றிக் கேட்டால் நான் ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுவேன். தளம் பெரும்பாலும் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும். மேசையில் ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால், நீண்ட ஓட்டத்தில் ஆறு பேருமே தோற்பார்கள். பெரும்பாலான நாடுகளில் சிறுவர்கள் அதில் ஆடுவது சட்டப்படியும் கூடாது. அது விவாதத்துக்கு உரிய விஷயமே இல்லை.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? எவ்வளவு கணக்கு தெரிந்திருக்க வேண்டும்?

பின்னமும் சதவீதமும் பயமில்லாமல் போடத் தெரிந்தால் போதும். பெரும்பாலும் அது 13, 14 வயதில் வந்துவிடும். சேர்வுகள் கணக்கைப் பள்ளியில் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கே கற்றுக்கொண்டு போய் அங்கே சுலபமாக எழுதுகிற பிள்ளைகள் உண்டு.

முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

ஆட்ட விதிகளைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, எண்ண வையுங்கள். 52 சீட்டில் இரண்டை எத்தனை விதமாக எடுக்கலாம்? முதல் சீட்டுக்கு 52 வழி, இரண்டாவதுக்கு 51, வரிசை முக்கியமில்லை என்பதால் இரண்டால் வகுத்தால் 1,326. அதில் ஏஸ் ஜோடி எத்தனை? நாலு ஏஸில் இரண்டை எடுக்க 6 வழி. அதாவது 221 கைக்கு ஒரு முறை. ஏதோ ஒரு ஜோடி என்றால் 13 வகை, வகைக்கு 6, மொத்தம் 78. 17 கைக்கு ஒரு முறை. பிள்ளைகளையே போடவிடுங்கள். வீடியோவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏஸ் ஜோடி பார்த்தவர்கள் 221 என்ற எண்ணைக் கண்டதும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அன்றைக்கே ஆளுக்கு ஒரு நோட்டும் கொடுத்துவிடுங்கள். ஆட்டத்தில் கடைசி வரை நிற்பவர்கள், சீட்டைத் திறப்பதற்கு முன்னால், "நான் ஜெயிக்க இத்தனை சதவீதம்" என்று எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு வரி காரணம். திறந்த பிறகு முடிவு. இந்த நோட்டு எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டாம். பின்னால் வருகிறது.

அவுட்ஸ் என்றால் என்ன? நாலால் பெருக்கினால் போதும் என்கிறார்களே, அது சரியா?

இன்னும் வராத சீட்டுகளில் எவை வந்தால் உங்கள் கை ஜெயிக்கும் கையாக மாறுமோ, அவையே அவுட்ஸ். உங்கள் கையில் ஹார்ட்டின் ஏஸும் ஹார்ட்டின் 8-உம். ஃப்ளாப்பில் இன்னும் இரண்டு ஹார்ட்டின். இன்னொரு ஹார்ட்டின் வந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்து சீட்டும் ஒரே சின்னம். மொத்தம் 13 ஹார்ட்டினில் 4 கண்ணுக்குத் தெரிகின்றன, பாக்கி 9. நீங்கள் பார்க்காத சீட்டுகள் 47. அடுத்த சீட்டிலேயே வர 47-இல் 9, அதாவது 19 சதவீதம். டர்ன், ரிவர் இரண்டையும் பார்க்க முடிந்தால் 35 சதவீதம்.

குறுக்குவழி இதுதான்: ஒரு சீட்டு பாக்கி என்றால் அவுட்ஸை இரண்டால் பெருக்கு; இரண்டு சீட்டு பாக்கி என்றால் நாலால் பெருக்கு. 9 அவுட்ஸுக்கு 36 வரும், உண்மை 35. பரவாயில்லை. 15 அவுட்ஸுக்கு 60 வரும், உண்மை 54. அங்கே கொஞ்சம் கோட்டை விடும். அவுட்ஸ் அதிகமாக ஆக இந்தக் குறுக்குவழி கூட்டிச் சொல்லும் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் போதும்.

பெருக்கலில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. எண்ணுவதில்தான் தாராளம் காட்டுவார்கள். 6, 7, 8, 9 வைத்திருக்கிறான். 5 அல்லது 10 வந்தால் ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து எண். எட்டு அவுட்ஸ் என்று குதிப்பான். மேசையில் இரண்டு டைமண்ட் கிடப்பதையும் எதிராளி டைமண்ட் ஃப்ளஷுக்குக் காத்திருக்கலாம் என்பதையும் பார்க்க மாட்டான். டைமண்ட் 5-உம் டைமண்ட் 10-உம் வந்தால் இவனுக்கு ஸ்ட்ரெய்ட், அவனுக்கு அதைவிடப் பெரிய ஃப்ளஷ். உறுதியாக நம்பக்கூடியது ஆறு அவுட்ஸ்தான். "இது வந்தா நீ ஜெயிப்ப, சரி. ஆனா இது வந்தா அவனுக்கு என்ன ஆகும்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பாட் ஆட்ஸ் என் மகன் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. எளிதாக எப்படிச் சொல்வது?

பாட் ஆட்ஸ் என்பது, ஆட்டத்தில் நீடிக்க நீங்கள் போட வேண்டிய சிப்பைப் பாட்டோடு ஒப்பிடுவது. அதை விகிதமாகச் சொல்லாமல் பங்காகச் சொல்லுங்கள். பாட் 100 சிப். எதிராளி 50 போடுகிறார். நீங்களும் 50 போட்டால் பாட் 200 ஆகும். அந்த 200-இல் உங்கள் 50 நாலில் ஒரு பங்கு. ஆகவே, நாலில் ஒரு முறையாவது, அதாவது 25 சதவீதமாவது ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்தான் கால் செய்வது, அதாவது அவர் போட்ட அளவை நீங்களும் போடுவது, கட்டுப்படியாகும். அவர் 100 போட்டிருந்தால், கடைசிப் பாட் 300, உங்கள் பங்கு 100. 33 சதவீதம் வேண்டும். பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை, தாங்கள் போடப்போகும் 50-ஐப் பாட்டில் சேர்க்காமல் 150-ஆல் வகுப்பது.

இப்போது மேலே சொன்ன ஃப்ளஷ் கையை இதில் போட்டுப் பாருங்கள். ஃப்ளாப்பிலேயே எதிராளி தன்னிடம் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டார், அது 50 சிப், பாட் 100. நீங்கள் கால் செய்தால் இரண்டு சீட்டையும் இலவசமாகப் பார்க்கலாம். 35 சதவீதம் இருக்கிறது, 25 போதும். தாராளமாகக் கால் செய்யலாம். அதே கை, அதே பாட், அதே 50. ஆனால் டர்ன் வந்து முடிந்துவிட்டது, ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. இப்போது இருப்பது 20-க்குக் கொஞ்சம் கீழே, வேண்டியது 25. ஃப்ளஷ் வந்தால் எதிராளியிடமிருந்து இன்னும் நிறைய சிப் பிடுங்க முடியும் என்று தோன்றினாலொழிய ஃபோல்டு செய்ய, அதாவது சீட்டைக் கீழே வைத்து விலக வேண்டியதுதான். நல்ல கை, மோசமான கை என்று இரண்டே பெட்டி வைத்திருந்த பிள்ளைக்கு, ஒரே கையை ஒரு இடத்தில் ஆடவும் இன்னொரு இடத்தில் கீழே வைக்கவும் வேண்டும் என்பது இங்கேதான் புரியும். இந்த ஒன்றுக்கு ஒரு முழு நாளைக் கொடுத்தாலும் தகும்.

சார், என்கிட்ட ஏஸ் ஜோடி. 7-2 வெச்சிருந்தவன் ஜெயிச்சுட்டான். இது அநியாயம் இல்லையா?

சின்னம் வேறுபட்ட 7-2-க்கு எதிராக ஏஸ் ஜோடி ஏறத்தாழ 88 சதவீதம் ஜெயிக்கும். மீதி 12 எங்கே போகும்? எட்டு முறைக்கு ஒரு முறை இப்படித்தான் நடக்கும். நடக்கவே இல்லையென்றால்தான் சீட்டுக் கட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

80 சதவீதம் என்றால் "கிட்டத்தட்ட உறுதி" என்றுதான் பிள்ளைகள் காதில் விழுகிறது. ஐந்து முறை 80 சதவீத வாய்ப்போடு உள்ளே போனால் ஐந்திலும் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டுப் பாருங்கள். 90, 80 என்று பதில் வரும். 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.33. மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம் இன்னொன்று: ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு எட்டுப் பேரையும் உள்ளே விட்டுவிட்டு ஆடினால், நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கூட்டம் கூடக்கூட ஜோடியின் மவுசு குறையும்.

அஞ்சு தடவையா ஃப்ளஷ் வரல. இந்தத் தடவை வந்தே தீரணும் இல்லையா?

சீட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. இந்த முறையும் அதே 35-தான். இதை நம்பாமல் பெரியவர்களே சொத்தை விட்டிருக்கிறார்கள்: 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் கூட்டிக்கூட்டிக் கட்டியவர்கள் எல்லாம் இழந்தார்கள்.

35 சதவீத வாய்ப்பு ஐந்து முறை தொடர்ந்து தவற எவ்வளவு வாய்ப்பு? 0.65-ஐ ஐந்து முறை பெருக்கினால் ஏறக்குறைய 12 சதவீதம். எட்டுப் பத்துப் பேர் உள்ள வகுப்பில் யாராவது ஒருவர் அந்த நிலையில் இருப்பது இயல்பு. அந்த ஒருவருக்குத்தான் அது தன் மீது விழுந்த சாபம் மாதிரித் தெரியும்.

சீட்டை ஒழுங்கா கலைக்கல சார், அதான்.

சில சமயம் இது உண்மைதான்! 1992-இல் டேவ் பேயர், பெர்ஸி டயகோனிஸ் என்ற கணித அறிஞர்கள், கட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏழு தடவையாவது கலைத்தால்தான் 52 சீட்டும் போதுமான அளவு கலையும் என்று காட்டினார்கள். பிள்ளைகள் இரண்டு தடவையோடு நிறுத்திவிடுவார்கள். புகார் சொல்பவரிடமே கட்டைக் கொடுத்து ஏழு தடவை கலைக்கச் சொல்லுங்கள். தோற்றபோது மட்டும் வரும் புகார் இது என்பதை அவரே கவனிப்பார்.

ரெண்டு சீட்டும் ஒரே சின்னம்னா ஆடலாம்தானே?

ஆரம்பக்காரர்களின் சிப்பை அதிகம் தின்பது இந்த ஆசைதான். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு வைத்திருந்தால், ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது 118-க்கு ஒரு முறை. இன்னும் ஒன்று வேண்டும் என்ற நிலை வருவது ஏறத்தாழ 11 சதவீதம். மொத்தத்தில், ஒரே சின்னம் என்பது அந்தக் கையின் ஜெயிக்கும் வாய்ப்பை 2 முதல் 4 சதவீதம் வரை உயர்த்தும், அவ்வளவே. மோசமான கை ஒரே சின்னத்தில் வந்தால் அது ஒரே சின்னத்தில் வந்த மோசமான கை.

இதே இனத்தில் இன்னொன்று "ஏஸ் இருக்கே". ஏஸ்-4 வைத்துக்கொண்டு ஏஸ்-கிங்கோடு மோதினால், நாலில் ஒரு பங்குதான் உங்களுக்கு. ஏஸ் வந்து ஜோடி சேர்ந்தால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் அப்போதுதான் தைரியமாகச் சிப்பைப் போடுவீர்கள்.

முதல் நாளே எல்லாரையும் ஜெயித்துவிட்டாள். இவளுக்கு இயற்கையிலேயே திறமை இருக்குமோ?

இருக்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் அதற்குச் சாட்சி ஆகாது. திறமையில் துளி வேறுபாடும் இல்லாத ஆறு பேர் உட்கார்ந்தாலும் யாரோ ஒருவர் ஜெயித்துத்தான் ஆக வேண்டும். முதல் நாள் வெற்றி தூண்டிலில் மாட்டிய இரை. அதை விழுங்கிய பிள்ளைக்கு அடுத்த நாலு வாரம் எதுவும் ஏறாது.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று, உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதன் பிறகு உலகம் முழுக்கப் போக்கர் மோகம் பிடித்தது. அவர் நன்றாகத்தான் ஆடினார். ஆனால் மற்ற 838 பேரின் கதையை யாரும் வீடியோவாகப் போடுவதில்லை. உங்கள் மகள் அந்தக் கதையைச் சொன்னால் 838 என்ற எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

கணக்காகப் பார்க்க விரும்பினால் இதோ. பெரிய பிளைண்டு என்பது ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் கட்டாயமாகப் போடும் சிப். நன்றாக ஆடும் ஒருவர் 100 கைக்குச் சராசரியாக 5 பெரிய பிளைண்டு ஜெயிப்பார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் 100 கைக்கு ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 90 பிளைண்டு அளவுக்கு இருக்கும். 10,000 கை ஆடினால் எதிர்பார்ப்பது 500. ஏற்ற இறக்கம் பத்து மடங்காகி 900. அப்படியானால் 10,000 கைக்குப் பிறகும் இந்த நல்ல ஆட்டக்காரர் நஷ்டத்தில் இருக்க நாலில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. உங்கள் மகள் ஆடியது ஒரு மாலை.

அப்போ எல்லாமே அதிர்ஷ்டம்தானே? எதுக்குக் கணக்குப் போடணும்?

இந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள், முந்தைய பதில் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அதிர்ஷ்டம் பெரியது, ஆனால் அது இரண்டு பக்கமும் மாறிமாறி அடிக்கும். திறமை சிறியது, ஆனால் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஆட்டத்தில் தோற்கடித்தது. அதற்கு 1,20,000 கை ஆடினார்கள். அதுவும் போதாதென்று, ஒரு மேசையில் மனிதருக்கு வந்த சீட்டை இன்னொரு மேசையில் நிரலுக்குக் கொடுத்து, சீட்டு நன்றாக வந்ததால் ஜெயித்தார் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் செய்தார்கள்.

இதைச் சின்ன அளவில் வகுப்பிலும் செய்யலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு கட்டுகளை ஒரே வரிசையில் அடுக்குங்கள். இரண்டு மேசை, மேசைக்கு நாலு பேர். ஒவ்வோர் இருக்கைக்கும் இரண்டு மேசையிலும் ஒரே சீட்டு வரும். முடிந்த பிறகு மூன்றாம் இருக்கைக்காரர் இருவரையும் ஒப்பிடுங்கள். ஒரே கிங் ஜோடியில் ஒருவர் 40 சிப் தோற்றிருப்பார், இன்னொருவர் கையிருப்பு முழுவதையும் விட்டிருப்பார். "எனக்குச் சீட்டே வரல" என்ற வசனம் அன்றைக்குச் செல்லாது.

பணிவை எப்படிச் சொல்லித் தருவது? அறிவுரை என்று ஆரம்பித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

சொல்லித் தர வேண்டாம். நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் நாளில் கொடுத்த அதே நோட்டு. ஒரு மாதம் ஆகி, பக்கங்கள் நிரம்பியதும், 90 அல்லது அதற்கு மேல் எழுதிய இடங்களை எல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள். அவற்றில் எத்தனை நிஜமாகவே ஜெயித்தன? பத்துக்கு ஒன்பது வந்திருந்தால் அவன் சரியாக மதிப்பிடுகிறான். பத்துக்கு ஆறு என்றால், அவனுடைய "90" என்ற சொல்லுக்கு உண்மையான மதிப்பு 60. இதை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. அவன் கையெழுத்து, அவன் எண்.

நோட்டில் வழக்கமாகக் காணும் வரி ஒன்று இப்படி இருக்கும். கை: கிங் ஜோடி. மேசை: ஏஸ், 9, 4. எழுதியது: 95. காரணம்: "கிங் ஜோடி இருக்கே". முடிவு: தோல்வி, எதிராளியிடம் ஏஸ்-10. கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் எட்டிப் பார்ப்பது 23 சதவீதம். அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. அவன் ஃப்ளாப்பைப் பார்த்தான், ஆனால் ஃப்ளாப் வருவதற்கு முன் முடிவு செய்த எண்ணை மாற்றவில்லை. அந்தக் காரண வரிதான் பொக்கிஷம். அது இல்லாமல் வெறும் எண்ணாக எழுதியிருந்தால், "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்று ஒரு கதை கிளம்பியிருக்கும்.

மதிப்பெண்ணும் போடலாம். வானிலைக் கணிப்புகளைச் சோதிக்க கிளென் பிரையர் 1950-இல் முன்வைத்த முறை இதற்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ஜெயித்தால் 1, தோற்றால் 0. அதற்கும் நீங்கள் எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 90 என்று எழுதி ஜெயித்தால் 0.01. 90 என்று எழுதித் தோற்றால் 0.81. குறைவாக இருப்பதே நல்லது. பலகையில் சிப் வரிசையைப் போடாமல் இந்த மதிப்பெண் வரிசையைப் போடுங்கள். சத்தமாகப் பேசும் பிள்ளை ஐந்தாவதாகவும், வாயே திறக்காத பிள்ளை முதலாவதாகவும் வருவது அடிக்கடி நடக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒருவருடைய நோட்டை மற்றவர்கள் முன்னால் வாசித்துக் காட்டாதீர்கள். அவமானம் பட்ட பிள்ளை அடுத்த வாரம் எழுதுவதை நிறுத்திவிடும்.

நோட்டில் எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதித் தப்பிக்கிறான். என்ன செய்வது?

புத்திசாலிப் பிள்ளை. முதலில் பாராட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் 50 எழுதினால் ஜெயித்தாலும் தோற்றாலும் 0.25-தான் வரும். இதைவிட அதிகமாக வாங்குபவர்கள், எதுவுமே தெரியாதவரைவிட மோசமாகக் கணிக்கிறார்கள் என்று பொருள். அவர்களுக்கும் இதைக் காட்டுங்கள்.

பிறகு அவனிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். உண்மையான வாய்ப்பு 80 என்றால், 50 எழுதினால் சராசரி 0.25. 100 எழுதி வீரம் காட்டினால் 0.20. 80 என்று உள்ளபடி எழுதினால் 0.16. பயந்து குறைத்தாலும் பெருமைக்குக் கூட்டினாலும் அடி விழும். உள்ளதை எழுதுவதுதான் மலிவு. இதை அவனே பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தால், மறுநாளே 50 போய்விடும்.

"அவன்கிட்ட ஏஸ் ஜோடிதான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்கிறாள். சில சமயம் சரியாகவும் இருக்கிறதே?

சரியானவை ஞாபகத்தில் நிற்கும், தவறியவை நிற்காது. மூஞ்சியைப் பார்த்துச் சொல்வதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: என்ன சீட்டு, எத்தனை சதவீதம் உறுதி. வட்டமிடும் வேலை மேலே சொன்னதுதான்.

கணக்கு வழியும் உண்டு. உங்கள் மகளிடம் குயின் ஜோடி. எதிராளி பெரிதாக ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தைக் கூட்டிப் போடுகிறார். அவர் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் இவற்றுக்கு மட்டும்தான் அப்படிச் செய்வார் என்று வைத்துக்கொள்வோம். ஏஸ் ஜோடிக்கு 6 வழி, கிங் ஜோடிக்கு 6, ஏஸ்-கிங்குக்கு நாலு ஏஸ் பெருக்கல் நாலு கிங், 16. மொத்தம் 28-இல் ஏஸ் ஜோடி 6 மட்டுமே, 21 சதவீதம். பாதிக்கு மேல் அவர் கையில் இருப்பது ஜோடியே இல்லாத ஏஸ்-கிங். அதற்கு எதிராகக் குயின் ஜோடிதான் கொஞ்சம் முன்னால். இதில் இவள் கையில் ஒரு ஏஸ் இருந்திருந்தால் ஏஸ் ஜோடி 6-லிருந்து 3 ஆகக் குறைந்திருக்கும். "என்ன வெச்சிருக்கான்?" என்ற கேள்வியை "என்னென்ன வெச்சிருக்கலாம், எத்தனை விதமா?" என்று மாற்றிக் கேட்கப் பழக்குங்கள். போக்கரில் நான் சொல்லித் தருபவற்றில் வெளி உலகத்துக்கு அதிகம் உதவுவது இது என்பது என் எண்ணம்.

பிளஃப் பண்றதுதானே சார் போக்கரே?

பிளஃபுக்கும் கணக்கு உண்டு. பாட் 100, கையில் ஒன்றும் இல்லாமல் 100 போடுகிறாய் என்றால், இரண்டில் ஒரு முறையாவது எதிராளி ஃபோல்டு செய்ய வேண்டும். 50 போட்டால் மூன்றில் ஒரு முறை போதும். இப்போது உன் எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார். மேலே "ஏஸ் இருக்கே" என்று எதையும் கீழே வைக்காத அதே ஆட்கள். யாருமே ஃபோல்டு செய்யாத மேசையில் பிளஃப் செய்வது சிப்பை ஜன்னல் வழியாகப் போடுவதுதான்.

தோற்றால் கோபம் வந்து இன்னும் ஒரு ஆட்டம், இன்னும் ஒரு ஆட்டம் என்கிறான். பயமாக இருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் அளவை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: இத்தனை மணிக்கு முடிப்போம் என்று. யார் எந்த நிலையில் இருந்தாலும் அந்த நேரத்தில் டப்பா மூடப்படும். கோபத்தில் இருப்பவர் ஒரு சுற்று வெளியே உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சீட்டுப் போடட்டும். இதைத் தண்டனையாகச் சொல்லாமல் எல்லாருக்கும் முறை வைத்துக் கொடுங்கள்.

ஆனால் சில அறிகுறிகளை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் கட்டி ஆடும் செயலிகளைப் பற்றித் தோண்டித்தோண்டி விசாரிப்பது, கடன் கேட்பது, எங்கே எவ்வளவு நேரம் ஆடினான் என்பதை மறைப்பது, விட்டதைப் பிடிக்கணும் என்ற பேச்சு. இவற்றில் எது தென்பட்டாலும் சீட்டை எடுத்து வைத்துவிட்டு நேரடியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். நிகழ்தகவை இரண்டு பகடையை வைத்துக்கூடச் சொல்லித் தரலாம். போக்கர் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் பிள்ளை பயந்தாங்கொள்ளி ஆகிவிடாதா?

ஆகலாம், அதையும் நோட்டு காட்டிக்கொடுக்கும். 60 என்று எழுதியவற்றில் எண்பது சதவீதம் ஜெயித்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை தன்னைக் குறைத்து மதிப்பிடுகிறது. பாட் ஆட்ஸ் கேள்வியில் வந்த ஃப்ளஷ் கை ஞாபகம் இருக்கிறதா? 25 வேண்டிய இடத்தில் 35 இருந்தும் பயந்து ஃபோல்டு செய்வது, 25 வேண்டிய இடத்தில் 20 வைத்துக்கொண்டு கால் செய்வதைவிடப் பெரிய தவறு. யாரும் திட்டாத தவறு என்பதால் கண்ணில் படாது. இப்படிப்பட்ட பிள்ளையிடம் "எண் சரியா இருந்தா போடு, தோத்தா நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அடக்க வேண்டியவனுக்குச் சொல்வதை இந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள்.

எனக்கே கணக்கு வராது. நான் எப்படிச் சொல்லித் தருவது?

நீங்களும் ஒரு நோட்டு வாங்கி, அவர்களோடு உட்கார்ந்து ஆடி, உங்கள் சதவீதத்தையும் எழுதுங்கள். வகுத்தல் பெருக்கலைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். மாதக் கடைசியில் உங்கள் மதிப்பெண்ணும் பலகையில் ஏற வேண்டும். பிரையர் மதிப்பெண்ணைக் கணக்கிடும் பொறுப்பை, வகுப்பிலேயே அதிகம் வாய் பேசுகிற பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாருடைய எண்ணையும் சரிபார்க்கிற சாக்கில் தன்னுடையதையும் நாலு முறை போட்டுப் பார்ப்பான்.